ஏழைகளின் எலும்பு டாக்டர்

இங்கிலாந்தில் உள்ள துறைமுக நகரம், லிவர்பூல். சுமார் 150 ஆண்டுகளுக்கு முன் அங்கே நெல்சன் தெருவில், ஒரு வீட்டு வாசலில், ஞாயிறு தோறும் கூட்டம் கூடும். கால் ஒடிந்தவர்கள், கை முறிந்தவர்கள், எல்லோரும் ஏழைத் தொழிலாளர்கள். அன்று அந்த வீட்டு டாக்டர் காசு வாங்க மாட்டார்.

அவர்தான் ஹியூ ஓவன் தாமஸ்.

தந்தை பட்ட அவமானம்

தாமஸ் 1834-ல் வேல்ஸ் பகுதியில் உள்ள ஆங்கிள்சி தீவில் பிறந்தார். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவது அவர்களுடைய பரம்பரைத் தொழில். தந்தை ஈவான் தாமஸ் கைராசிக்காரர். ஆனால் பட்டம் பெறாதவர். அதனால் டாக்டர்கள் அவரை எதிர்த்தார்கள். கோர்ட்டு வரை இழுத்தார்கள்.

தந்தை சோர்ந்துவிடவில்லை. தம் ஐந்து மகன்களையும் டாக்டருக்குப் படிக்க வைத்தார்! ஹியூ 1857-ல் தேர்வு பெற்றார்.

அசைக்காதே!

அந்தக் காலத்தில், மோசமாக முறிந்த காலை வெட்டி எடுத்துவிடுவது வழக்கம். தாமஸ் வேறு வழி சொன்னார். எலும்பை நேராக்கிக் கட்டு. பிறகு அதை அசைக்காதே. போதிய நாள் ஓய்வு கொடு. இதுதான் அவர் வழி.

காரணம் என்ன? எலும்பு முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைகிறது. அங்கே மெல்லிய திசு வளர்ந்து இரு முனைகளையும் இணைக்கிறது. நாளாக ஆக அது கெட்டிப்பட்டு எலும்பாகிறது. அதற்குள் ஆட்டி அசைத்தால், இணைப்பு கிழிந்துபோகும்.

இரும்புச் சிம்பு

வீட்டோடு சேர்ந்த பட்டறையில் தாமஸ் ஒரு சிம்பு செய்தார். தொடையின் மேல்பகுதியில் ஒரு வளையம். அதிலிருந்து காலின் இருபுறமும் இரும்புக் கம்பிகள். அவை பாதத்துக்குக் கீழே சேரும். காலை நீட்டி இழுத்து, அந்த முனையில் கட்டிவிடுவார்கள். கால் ஆடாது. 1875-ல் வெளியிட்ட தம் நூலில் இதை அவர் விளக்கினார்.

பெரிய டாக்டர்கள் பலர் கவனிக்கவில்லை. 1891-ல், 56-வது வயதில் தாமஸ் இறந்தார். ஏழைத் தொழிலாளர்கள் திரளாக வந்து கண்ணீர் விட்டார்கள்.

போர்க்களத்தில்

1914-ல் முதல் உலகப்போர் மூண்டது. தொடை எலும்பு முறிந்த வீரர்கள் ஏராளமாக இறந்தார்கள். முறிந்த முனைகள் அசைந்து சதையைக் கிழிக்கும். இரத்தம் லிட்டர் கணக்கில் உள்ளேயே கசியும்.

தாமசிடம் தொழில் பழகிய மருமகன் ராபர்ட் ஜோன்ஸ், மாமாவின் சிம்பை ராணுவத்துக்குக் கொண்டு போனார். காயம்பட்டவரைத் தூக்கிச் செல்லும் முன்பே காலில் அது பூட்டப்பட்டது. சாவு வெகுவாகக் குறைந்தது.

நமக்கும் பாடம்

யாருக்காவது கால் ஒடிந்தால், அவசரப்பட்டுத் தூக்காதீர்கள். காலை இழுத்து நிமிர்த்தப் பார்க்காதீர்கள். இருந்தபடியே அசையாமல் தாங்கலாகக் கட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். இரத்தக் காயம் இருந்தால் சுத்தமான துணியால் மூடுங்கள்.

கட்டுப் போட்ட பிறகு விரல் நீலம் பூத்தாலும், மரத்தாலும், வலி ஏறிக்கொண்டே போனாலும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். வலி நின்றுவிட்டது என்று நீங்களாகக் கட்டைப் பிரிக்காதீர்கள்.

தாமஸ் செய்த சிம்பு இன்றும் ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. அவர் பெயராலேயே அதை அழைக்கிறார்கள்!