கேலக்ஸிகளை எடை போட வழி சொன்ன ஃபிரிட்ஸ் ஜ்விக்கி... அந்தத் தராசில் இன்றும் இருக்கும் சிக்கல் என்ன?

கண்ணுக்கே தெரியாத ஒன்றை எடை போட முடியுமா? முடியும் என்று 1937-லேயே வழி சொன்னவர் ஃபிரிட்ஸ் ஜ்விக்கி. ஆனா, அது நிரூபணமானதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

யார் இந்த ஜ்விக்கி?

1898-ல் பல்கேரியாவின் வர்னா நகரில் பிறந்தவர். அப்பா சுவிட்சர்லாந்துக்காரர். 6 வயதில் அங்குள்ள தாத்தா, பாட்டி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். சூரிச்சில் படித்துவிட்டு, 1925-ல் அமெரிக்காவின் கால்டெக்கிற்குப் போனார்.

மனசுல பட்டதைப் பட்டுனு பேசும் ஆள். சக விஞ்ஞானிகளோடு சண்டை சகஜம். அதே மனிதர்தான், இரண்டாம் உலகப் போரில் அழிந்த நூலகங்களுக்காக டன் கணக்கில் அறிவியல் இதழ்களைச் சேகரித்து அனுப்பினார்.

இடித்த கணக்கு

1933-ல் கோமா கேலக்ஸி கூட்டத்தை ஆராய்ந்தார். உள்ளே இருந்த கேலக்ஸிகள் எக்கச்சக்க வேகத்தில் ஓடின. கண்ணுக்குத் தெரியும் எடை மட்டும்தான் என்றால், கூட்டம் எப்போதோ சிதறியிருக்கணும். அப்படின்னா, தெரியாத எடை நிறைய இருக்கு. அதைத்தான் இருண்ட பொருள் என்றார்.

லென்ஸ் ஆகும் கேலக்ஸி

ஒரு நட்சத்திரம் இன்னொன்றின் ஒளியை லென்ஸ் போல வளைப்பதை நேரில் பார்க்க வாய்ப்பு குறைவு என 1936-ல் எழுதினார் ஐன்ஸ்டீன். அடுத்த வருடமே, நட்சத்திரத்தை விடுங்க, கேலக்ஸியைப் பாருங்க என்றார் ஜ்விக்கி. எடை அதிகம், அதனால் ஒளி நன்றாக வளையும். எவ்வளவு வளைகிறது என்று பார்த்தால் எடையும் தெரியும்.

1974-ல் அவர் இறந்தார். முதல் ஈர்ப்பு லென்ஸ் கண்டுபிடிக்கப்பட்டது 1979-ல். வெறும் 5 வருட இடைவெளி!

சிக்கல் எங்கே?

தொலைதூர ஒளி நம்மிடம் வரும் வழியில் அந்தக் கூட்டம் மட்டும் இல்லை. அதற்குப் பின்னால், முன்னால் என சம்பந்தமே இல்லாத கேலக்ஸிகளும் ஒளியை வளைக்கும். நம்ம காய்கறியோட பக்கத்துக்காரர் பையும் தராசில் ஏறிய கதைதான். அதைக் கழிக்காவிட்டால் கூட்டத்தின் எடை தப்பாகிவிடும். அதனால்தான் ஒவ்வொரு கேலக்ஸியின் தூரத்தையும் அளந்து, பின்னால் இருப்பதைத் தனி அடுக்காக வைத்துக் கணக்குப் போடுகிறார்கள்.

தேர்வில் பாஸ்

2014-ல் ஒரு கேலக்ஸி கூட்டத்துக்குப் பின்னால் வெடித்த நட்சத்திரம் 4 பிம்பங்களாகத் தெரிந்தது. ஒளி வரும் பாதைகளின் நீளம் வேறு வேறு. அதனால் இன்னொரு பிம்பம் தாமதமாக வரும் என மாதிரிகள் கணித்தன. 2015 டிசம்பரில் அது வந்தது.

இப்படி வெடிக்கும் நட்சத்திரங்களுக்கு சூப்பர்நோவா என்ற பெயரைப் பரப்பியதும், வால்டர் பாடேயுடன் சேர்ந்து ஜ்விக்கிதான்.