வெட்டுமுன் அறியச் சொன்ன வித்தகர்

மருத்துவக் கல்லூரியிற் பயிலும் மாணவர் எவரையேனும் நிறுத்தி, கூர்வாசியே என்பவர் யாரென வினவினால், செங்கமாரி நோயைப் பற்றிய ஒரு விதியை உடனே ஒப்புவிப்பர். அவ்விதியை உரைத்தவர் எந்நாட்டினர், எவ்வாறு வாழ்ந்தார் என மேலும் வினவினாற் பெரும்பாலும் மௌனமே விடையாகும். சூத்திரத்தை நெட்டுருச் செய்த மாணாக்கன் நூல் செய்தானை மறந்துவிடும் வழக்கம் தமிழ்க் கல்விக்கு மட்டும் உரியதன்று போலும். அம்மறதியைச் சிறிது போக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லுட்விக் கூர்வாசியே 1843ஆம் ஆண்டு நவம்பர் மாதம் சுவிற்சர்லாந்து நாட்டின் பாசல் நகரிற் பிறந்தார். மருத்துவம் பயிலுங் காலத்தில் நெருப்புக் காய்ச்சல் அவரைப் பற்றிப் படிப்பைத் தடுத்தது. நோயிலிருந்து மீண்டு 1868இற் பட்டம் பெற்றார். பின்னர் இலண்டனுக்கும் வியன்னாவுக்கும் சென்று, அக்காலத்துப் பெரும் சத்திரவைத்தியர்களிடம் தொழில் பழகினார். வியன்னாவில் அவர் அணுகிய ஆசான், வயிற்றுச் சத்திரசிகிச்சையின் தந்தையென மதிக்கப்படும் பில்றோத் ஆவார். 1870இற் பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் போர் மூண்டபோது காயமுற்ற வீரர்க்குப் பணிபுரிந்தார். அதன்பின் பாசலை அடுத்த றீகன் என்னும் ஊரில், கிறித்தவ சகோதரியர் நடத்திய சிறு வைத்தியசாலையிற் பொறுப்பேற்றார். பின்னாளிற் பாசல் பல்கலைக்கழகத்திற் பேராசிரியருமானார்.

ஏறத்தாழ அக்காலத்திலேயே நம் நாட்டில், மானிப்பாயில் இருந்த டொக்டர் கிறீன், சத்திரவைத்திய நூலொன்றைத் தமிழாக்கி இரண வைத்தியம் என்னும் பெயரால் 1867இல் வெளியிட்டார் என்பதை ஈண்டு நினைதல் தகும். அறுக்குங் கலை தமிழிற் புகுந்த அந்நாளிலும் வயிற்றின் உட்புறம் வைத்தியனுக்கு இருட்டறையாகவே இருந்தது. றொன்ட்ஜன் தம் கதிர்களைக் கண்டது 1895இலேதான். அதற்கு முன்னர் வைத்தியனுக்குத் துணையாயிருந்தவை கண்ணும் காதும் விரல் நுனியுமேயாம்.

இனி, நோயின் இயல்பைக் கூறுவேன். ஈரலிற் சுரக்கும் பித்தம் பித்தப்பையிற் சிறிது தங்கிப் பொதுப் பித்தக்கான் வழியே சிறுகுடலை அடைகின்றது. அக்கானின் கடைப்பகுதி, தமிழகத்தார் கணையம் என்றும் நம் பாடநூல்கள் சதையி என்றும் வழங்கும் உறுப்பின் தலைப்பகுதியூடாகச் செல்கின்றது. கானுள் ஒரு கல் விழுந்தாலும், கானிலோ சதையியின் தலையிலோ புற்று முளைத்தாலும் வழி அடைபடும். பித்தம் குருதியிற் கலக்கக் கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுக்கும், மலம் வெளுக்கும், உடல் அரிக்கும். புறத்தே தோன்றும் குறிகள் ஒன்றாயினும் அகத்தேயுள்ள காரணம் வேறு. கல்லாயின் எடுத்துப் பிழைப்பிக்கலாம். புற்றாயின் அக்காலத்து வைத்தியனால் ஆவது யாது?

இவ்விடத்திற்றான் கூர்வாசியே தம் உழைப்பைச் செலுத்தினார். பித்தக்கான் அடைபட்ட 187 பேரின் விபரங்களைத் திரட்டினார். அவர்களுள் 87 பேர்க்குக் கல் காரணம். ஏனைய 100 பேர்க்குப் பிற காரணங்கள். கல்லால் அடைபட்டோருள் 70 பேரின் பித்தப்பை சுருங்கிக் கிடந்தது. 17 பேர்க்கே அது விரிந்திருந்தது. பிற காரணத்தால் அடைபட்டோருள் 92 பேர்க்குப் பித்தப்பை விரிந்து பருத்திருந்தது. காரணமும் தெளிவானதே. கல் நெடுநாள் உறைந்த பை அடிக்கடி அழன்று தழும்பேறித் தடித்துவிடுமாதலின் விரிய மாட்டாது. புற்றால் அடைபட்டவனது பையோ பழுதற்றது. தேங்கும் பித்தத்தால் நீர் நிறைந்த தோற்பைபோல வீங்கும். ஆகவே, செங்கமாரி கண்டவனது வலப்பக்க விலாவின் கீழ் நோவின்றி ஒரு பை விரலுக்குத் தட்டுப்படுமாயின், அது கல்லாக இருத்தல் அரிது. 1890இல் வெளியான நூலில் இதனை அவர் எடுத்துரைத்தார்.

இதனைப் பின்வந்தோர் விதியென்றனர். அவரோ பெரும்பான்மையைக் காட்டியதோடு அமைந்தார். 17 பேரையும் மறைத்திலர். புறனடை கூறாத சூத்திரம் நிறைவுடையதாகாது என்பது தமிழிலக்கணம் கற்றார்க்குப் புதிதன்று. பொதுப் பித்தக்கானைக் கீறிக் கல்லை எடுத்த முதன்மையோர் வரிசையிலும் அவர் பெயர் உண்டு. ஓய்வுப்பொழுதில் நீலநிறச் சிறு வண்ணத்துப்பூச்சிகளைத் திரட்டி வகைப்படுத்தினார். பூச்சியின் சிறகிற் புள்ளியெண்ணிய கண்ணே நோயாளரையும் எண்ணியது எனலாம். 1918இல் அவர் மறைந்தார்.

சதையித் தலையை அறுத்தெடுக்கும் பெருஞ் சிகிச்சையை பேர்லினிற் கவுஷ் என்பார் 1909இல் நிகழ்த்தினார். நியூயோர்க்கில் விப்பிள் 1935இல் அதனைச் சீர்செய்தார். அறுக்கும் வழி பிறந்தபின், அறுக்கத்தக்கவர் யார் என்னும் வினா முன்னையினும் பெரிதாயிற்று. இந்நோய் வெளிப்படும்போது நூற்றுக்கு 15 முதல் 20 பேரே அறுக்கத்தக்க நிலையில் இருப்பர். கட்டி அருகிலுள்ள பெருங்குருதிக் குழாய்களைப் பற்றியுள்ளதா, ஈரலுக்குப் பரவியுள்ளதா என்பனவற்றை இக்காலத்திற் சீ.ரீ. ஸ்கான் முதலியவற்றால் முன்னரே ஆராய்கின்றனர்.

கொட்டாஞ்சேனையில் எனக்கு மாமா முறையான பெரியவர் ஒருவர்க்குச் செங்கமாரி கண்டது. நோவு இல்லாமையால் வீட்டார் அஞ்சாது, கீழ்காய்நெல்லியைப் பாலில் அரைத்து ஆறு வாரம் கொடுத்தனர். வெள்ளவத்தையில் என்னைக் காணவந்த பழைய மாணாக்கர், இப்போது வைத்தியராயிருப்பவர், அவர் வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்துவிட்டு, மாமா, நாளைக்கே பெரிய வைத்தியசாலைக்குப் போகவேண்டும் என்று வற்புறுத்தினார். ஸ்கானிற் சதையித் தலையில் கட்டி தெரிந்தது. அது குருதிக்குழாய் ஒன்றைச் சூழ்ந்திருந்தது. சத்திரவைத்தியர் அறுக்கவில்லை. வாய்வழியே கருவி செலுத்திப் பித்தக்கானிற் சிறு குழாய் வைத்தனர். மஞ்சள் நீங்கியது, அரிப்பு ஓய்ந்தது. அவ்வாண்டு ஆடிவேல் இரதம் காலி வீதியில் வரக் கண்டு கைகூப்பினார். பயனற்ற வெட்டுக் காயத்தோடு கட்டிலிற் கழிந்திருக்கக்கூடிய மாதங்கள் அவர்க்கு வீட்டிற் கழிந்தன. முன்னமே சென்றிருப்பின் அறுத்தல் இயன்றிருக்குமோ என்னும் வினா உறவினர் உள்ளத்தில் நின்றுவிட்டது.

செங்கமாரி அனைத்தும் ஒன்றே எனக் கொண்டு பச்சிலையோடு அமைதல் நம்மவரிடையே இன்னும் உண்டு. ஈரல் அழற்சியால் வரும் செங்கமாரி பல வேளைகளில் தானே தணிதலின், இலைக்குப் பெருமை சேர்ந்தது. நோவற்ற செங்கமாரியோ முதியோரிடத்து ஐயுறத்தக்கது. வலியில்லை என்பது ஆறுதலன்று. அதுவே அச்சத்துக்குரிய குறி. கண்ணில் மஞ்சள் கண்ட அன்றே வைத்தியரை நாடுதல் வேண்டும். அறுக்கலாம் எனின் அதற்கு இசைதலும், அறுத்தலாகாது எனின் கைவிட்டார் என மயங்காதிருத்தலும் நம் கடன். வெட்டாது விடுதற்கும் அறிவு வேண்டும். அவ்வறிவுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே விரலாலும் எண்ணாலும் அடிகோலிய பெரியாரை நாம் மறவாதிருத்தல் நன்று.