மக்கள் தந்த மூலதனம்: வ. உ. சிதம்பரனார்

பாண்டியர் காலத்தில் முத்துக்குப் பெயர்பெற்ற துறை கொற்கை. கடல் பின்வாங்கிக் கொற்கை உள்நாட்டுச் சிற்றூராகிவிட, அதன் புகழை ஏற்று வளர்ந்த நகரம் தூத்துக்குடி. முத்துக்குளித்தலும் சங்குக்குளித்தலும் தோணித் தொழிலும் இக்கரையின் பழந்தொழில்கள். இங்குள்ள பெருந்துறைமுகம் 2011-ஆம் ஆண்டு முதல் வ. உ. சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

கப்பலோட்டிய தமிழர் என்று அவரை அறியாதார் இலர். ஆனால் அக்கப்பலுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. பொதுவாழ்வில் தலைமையை நாடும் எவரிடத்தும் உலகம் இரண்டு கேள்விகளைக் கேட்கும். இவரால் நிதி திரட்ட முடியுமா? இவர் வெல்லக்கூடியவரா? இவ்விரு கேள்விகளும் சிதம்பரனாரின் வாழ்வில் எவ்வாறு விடை பெற்றன என்பதைக் காண்போம்.

இளமை

சிதம்பரனார் 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மைக்கும் மகனாகப் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். மகனும் அத்தொழிலுக்கே பயின்று தேறினார். 1900-இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். வறியோருக்காக வாதாடி நல்ல பெயர் ஈட்டினார். பின்னாளில் அவர் சொல்லை நம்பி மக்கள் பணம் கொடுத்தனர் என்றால், அந்நம்பிக்கைக்கு வித்து இக்காலத்திலேயே ஊன்றப்பட்டது எனலாம்.

கப்பல் கம்பெனி

அந்நாளில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் வாணிகம் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் கையில் இருந்தது. 1905-இல் வங்கப் பிரிவினையை ஒட்டிச் சுதேசி இயக்கம் எழுந்தது. பிறர் துணியை விலக்கினால் போதாது, பிறர் கப்பலையும் விலக்க வேண்டும் என்று சிதம்பரனார் கருதினார். 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவாயிற்று. மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவரானார்.

மூலதனம் பத்து லட்சம் ரூபாய். அதனை ரூ. 25 வீதம் 40,000 பங்குகளாகப் பிரித்தனர். இந்த ஏற்பாடு கூர்ந்து நோக்கத்தக்கது. நாலைந்து செல்வர்களை மட்டும் நம்பிய நிறுவனம் பங்கின் விலையை இவ்வளவு தாழ்வாக வைத்திராது. நடுத்தர மக்களும் பங்காளிகளாக வேண்டும் என்பதே நோக்கம். செல்வர்களையும் அவர் ஒதுக்கிவிடவில்லை. ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளை, அஃதாவது இரண்டு லட்சம் ரூபாய்க்கு, வாங்கினார். மூலதனத்தில் ஐந்தில் ஒரு பகுதி அது!

முதலில் கப்பல்களை வாடகைக்கு அமர்த்தினர். எதிர்க் கம்பெனியின் நெருக்குதலால் அவ்வாடகைக் கப்பல்கள் கைநழுவின. சொந்தக் கப்பல் வேண்டும் என்று சிதம்பரனார் பம்பாய் சென்றார். வீட்டில் மனைவி கருவுற்றிருந்தார், மகன் நோயுற்றிருந்தான். ஆயினும் கப்பலின்றித் திரும்புவதில்லை என்ற உறுதியோடு பம்பாய் வணிகரிடம் பங்கு விற்றார். 1907-இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக் கடலில் வந்து நின்றன.

எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பின்னர் இலவசமாகவே ஏற்றிச் செல்லவும், பயணிகளுக்குக் குடை வழங்கவும் முன்வந்தது என்பர். ஆழ்ந்த பண முடையுள்ள சங்கம் இப்போட்டியில் நின்றதற்குக் காரணம், பங்கு வாங்கிய மக்கள் அதனைத் தம் உடைமையாக எண்ணியதே.

சூரத்துக் காங்கிரஸ்

இனி இரண்டாம் கேள்விக்கு வருவோம். அமெரிக்க நாட்டில் குடியரசுத் தலைவர் பதவியை நாடுவோர் முதலில் தம் கட்சிக்குள் நடைபெறும் முன்தேர்தலில் வெல்ல வேண்டும். அங்கே ஒருவர் எவ்வளவு நிதி திரட்டினார், பொதுத்தேர்தலில் வெல்லக்கூடியவரா என்ற கணக்கே பெரிதாகப் பேசப்படும். மக்கள் மனம் விரும்பும் ஒருவரை விட்டு, எல்லோருக்கும் ஏற்புடைய மற்றொருவரைத் தேர்வதும் உண்டு. ஏறக்குறைய அத்தகைய போட்டி ஒன்று 1907-இல் நம் காங்கிரசிலும் நிகழ்ந்தது.

அந்நாளில் காங்கிரஸ் தலைவரைத் தேர்வதில் மாநாடு நடக்கும் ஊரின் வரவேற்புக் குழுவுக்குப் பெரும் பங்கு இருந்தது. மாநாட்டுச் செலவுக்கு நிதி திரட்டுவதும் அக்குழுவே. எனவே பணமும் தேர்வும் ஒரே கையில் இருந்தன. 1906-இல் கல்கத்தாவில் திலகரைத் தலைவராக்கத் தீவிரவாதிகள் விரும்பினர். இரு சாராரும் மதிக்கும் முதியவர் தாதாபாய் நௌரோஜியை அழைத்து மிதவாதிகள் அப்போட்டியைத் தவிர்த்தனர். அடுத்த ஆண்டு நாகபுரியில் நடக்கவிருந்த மாநாடு சூரத்துக்கு மாற்றப்பட்டது. நாடுகடத்தப்பட்டு மீண்ட லாலா லஜபதி ராயைத் தலைவராக்குமாறு தீவிரவாதிகள் கேட்டனர். அது அரசாங்கத்தின் சினத்தைத் தூண்டும் என மிதவாதிகள் அஞ்சினர்; ராஷ் பிகாரி கோஷை முன்னிறுத்தினர். பிளவு வேண்டாமென்று லஜபதி ராய் தாமே விலகிக்கொண்டார்.

சிதம்பரனாரும் பாரதியாரும் திலகரின் அணியில் நின்று சூரத்துக்குச் சென்றனர். டிசம்பர் 26-ஆம் நாள் கூச்சலால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. மறுநாள் மேடையை நோக்கிச் செருப்புப் பறந்தது, நாற்காலிகள் வீசப்பட்டன, காவலர் வந்து பந்தலைக் காலி செய்தனர். காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தது. ஆட்சியாளர் தீவிரவாதிகளைத் தனியே பிரித்து ஒடுக்க அப்பிளவு வாய்ப்பாயிற்று.

சிறையும் சிதைவும்

1908 பிப்ரவரியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சிதம்பரனார் அவர்களுக்காகவும் நிதி திரட்டினார். மார்ச்சுத் தொடக்கத்தில் ஊதிய உயர்வும் வார விடுமுறையும் கிடைத்தன. மார்ச்சு 12-இல் சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் சிறைப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழுந்தனர்; துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். நீதிபதி பின்ஹே அளித்தது இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் அது ஆறாண்டாகக் குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் அவர் செக்கிழுத்தார். ஊக்கியவர் உள்ளே இருக்க, வெளியே சங்கம் தளர்ந்தது. 1911-இல் அது கலைக்கப்பட்டது. கப்பல்கள் போட்டியாளர் கைக்கே போயின.

இறுதிக் காலம்

1912 டிசம்பரில் விடுதலை பெற்றபோது சிதம்பரனாரிடம் செல்வமும் இல்லை, வழக்கறிஞர் உரிமையும் இல்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர் அவருக்கென்று திரட்டிய சிறு நிதி காந்தியடிகளிடம் இருந்தது. 1915-இல் அதுபற்றி இருவருக்குமிடையே கடிதங்கள் நடந்தன. 1916-இல் அவர் கைக்கு வந்த தொகை 347 ரூபாய் 12 அணா. பத்து லட்சம் ரூபாய் மூலதனத்துக்கு ஊர் ஊராகச் சென்றவர், 347 ரூபாய்க்குப் பல மாதங்கள் காத்திருந்தார்!

நீதிபதி வாலேஸ் உதவியால் வழக்கறிஞர் உரிமை மீண்டது. நன்றி மறவாமல் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். ஒத்துழையாமையில் கருத்து வேறுபட்டு 1920-இல் காங்கிரசை விட்டு விலகினார். கூட்டத்தின் விருப்பத்திற்காகத் தம் கருத்தை மாற்றிக்கொள்ள அவருக்குத் தெரியாது. 1936-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் தூத்துக்குடியில் மறைந்தார்.

வெல்லக்கூடியவரா என்ற கணக்கில் பார்த்தால் அவர் தோற்றவரே. கப்பல் போயிற்று, சூரத்தில் அவர் அணி தோற்றது, பதவி எதுவும் அவரை நாடி வரவில்லை. ஆனால் 25 ரூபாய் கொடுத்த ஒரு சாமானியன், இது என் கப்பல் என்று தலைநிமிர்ந்து சொன்னானே, அவ்வுணர்வை எவராலும் ஏலம் விட முடியவில்லை. வாக்களிக்கும் வயதை எட்டியிருக்கும் நாம், தலைவரை எடைபோடும்போது அவரிடம் எவ்வளவு பணம் சேர்ந்தது என்று கேட்பதோடு நில்லாது, அது யாரிடமிருந்து, எதற்காக வந்தது என்றும் கேட்போமாக. அதுவே சிதம்பரனாருக்கு நாம் செலுத்தும் பங்குத் தொகை.