கும்பகோணத்து நோட்டுப் புத்தகம்



சின்னச் சின்ன பழக்கங்களைப் பற்றி எழுதித் தா என்று ஆசிரியர் குழு அண்ணன் கேட்டார். காலையில் ஐந்து மணிக்கு எழு, தினம் பத்துப் பக்கம் படி என்று பட்டியல் போட்டுக் கொடுத்தால் அது உங்களுக்கே தெரிந்த விஷயம்தான். அதனால் ஒரு மனிதரின் கதையைச் சொல்லலாம் என்று நினைத்தேன். எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் இலக்கியம் எடுத்தவர்களுக்குப் பெயர் தெரிந்திருக்கும். அதாங்க, உ.வே.சாமிநாதையர். தமிழ்த் தாத்தா. தாத்தா, தாத்தா என்று சொல்லிச் சொல்லியே அவர் வேலையைத் தொடங்கியபோது வயசு 25 என்பதை மறந்துட்டோம்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உத்தமதானபுரம் என்கிற கிராமத்தில் 1855 பிப்ரவரி 19-இல் பிறந்தார். அப்பா சங்கீத வித்துவான். வீட்டில் காசு இல்லை. மகனுக்குத் தமிழ் சொல்லித்தர ஆள் எந்த ஊரில் கிடைக்குமோ அந்த ஊருக்குக் குடும்பமே மூட்டை கட்டிக்கொண்டு போனது. 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தார். வேங்கடராமன் என்ற பெயரைச் சாமிநாதன் என்று மாற்றியவர் அந்தக் குருதான். பிள்ளை வாயால் செய்யுள் சொல்லிக்கொண்டே போவார், இவர் ஏட்டில் எழுதுவார். 1876-இல் குரு இறக்கும்வரை இதுதான் வாழ்க்கை. காதில் விழுவதைத் தப்பில்லாமல் எழுதும் பயிற்சி அங்கேயே கைக்கு வந்துவிட்டது என்பது என் கணிப்பு.

1880 தொடக்கத்தில் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. சம்பளம் ஐம்பது ரூபாய். நிம்மதியான வாழ்க்கை. அதே வருஷம் அக்டோபரில், ஊருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று நீளமாக அடுக்கினார். முதலியார் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பழைய நூல்கள் படித்ததுண்டா, சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை என்று அவர் கேட்டபோது, இவரிடம் பதில் இல்லை. தமிழ் வாத்தியார், ஆனால் அந்தப் புத்தகங்களைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

முதலியாரே சிந்தாமணியின் ஒரு பிரதியைக் கொடுத்து, இதை எனக்குப் பாடம் சொல்லுங்கள் என்றார். தனக்கே தெரியாத நூலை இன்னொருவருக்குச் சொல்லித்தர வேண்டும்! கல்லூரி நேரம் போக மிச்ச நேரத்தில் உட்கார்ந்து படித்தார். இந்த இடம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மன உறுதியால் மட்டும் அவர் தொடர்ந்து படித்தார் என்று நான் நினைக்கவில்லை. அடுத்த பாடத்துக்கு ஒருவர் காத்திருந்தார். நாமும் தனியாக ஓட ஆரம்பித்தால் மூன்றாம் நாள் படுத்துவிடுவோம், கூட்டாளி வாசலில் வந்து நின்றால் எழுந்துவிடுவோம், இல்லையா?

சரி, அந்தத் தினசரி வேலை எப்படிப்பட்டது? ஏட்டில் புள்ளி இருக்காது. எகரமா ஏகாரமா, காலா ரகரமா என்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே ஆரம்பிக்கிறது என்பதும் தெரியாது, எல்லாம் ஒரே ஓட்டம். சிந்தாமணியில் 3145 பாட்டு. உரை எழுதிய நச்சினார்க்கினியர் பழைய நூல்களிலிருந்து வரி வரியாக எடுத்துக் காட்டுவார், எந்த நூல் என்று பெரும்பாலும் சொல்லமாட்டார். இவர் பிரதிகளைத் தேடிச் சேர்த்தார். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் தங்கள் ஏட்டோடு ஒத்துப் பார்ப்பார்கள். வேறுபாடு வந்தால் குறித்துக்கொள்வார். ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பார். நாங்கள் கணினி வகுப்பில் தரவுத்தளத்துக்கு அட்டவணை போடுகிறோமே, அதே வேலை. அவருக்கு மைக்கூடும் பேனாவும்தான் இருந்தன.

இன்னொன்று. இவர் திருவாவடுதுறை ஆதீனத்தில் வளர்ந்தவர். சிந்தாமணி சமண நூல். அரசன் அதில் மயங்கியதால்தான் சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்று நம் சைவ மரபே கதை சொல்கிறது. இவர் கூச்சப்படாமல் கும்பகோணத்துச் சமணர் வீட்டுக்குப் போய்ச் சந்தேகம் கேட்டார். அங்கே அவர்கள் சிந்தாமணியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக் கேட்டு, முடித்த நாளைத் தோரணம் கட்டிக் கொண்டாடினார்கள். அதைப் பார்த்து அவருக்கு ஆச்சரியம். பிறகு மணிமேகலைக்காக, கூட வேலை பார்த்த ரங்காசாரியாரிடம் பௌத்தம் கேட்டுக் குறிப்பெடுத்ததும் இப்படித்தான்.

1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது. அந்த முதல் சந்திப்பிலிருந்து ஏழு வருஷம். அதே வருஷம் யாழ்ப்பாணத்துச் சி.வை.தாமோதரம் பிள்ளை கலித்தொகையைப் பதிப்பித்தார் என்பதையும் சொல்லிவிடணும், ஐயர் ஒருவரே எல்லாம் செய்தார் என்பது சரியில்லை. அப்புறம் பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. ஒரு நூலுக்கு எழுதிய குறிப்பு அடுத்த நூலுக்குத் திறவுகோல் ஆனது. சிந்தாமணி உரையில் பெயரில்லாமல் வந்த வரி, சங்கப் பாட்டு ஏட்டைத் திறந்தால் அங்கே இருக்கும்!

ஆனால் ஏடு காத்திருக்காது. பூச்சி அரிக்கும், நுனி ஒடியும். யாராவது திரும்ப எழுதினால்தான் பிழைக்கும். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு அவர் ஏடு தேடிப் போனபோது, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டோம் என்றார்கள். பழையதை அப்படிச் செய்யச் சாஸ்திரம் சொல்கிறதாம். வேறு ஊர்களில் ஆற்றில் விட்டிருந்தார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை, பக்தியோடுதான் செய்தார்கள். கோயில் பணி செய்கிற நம் மாதிரி இளைஞர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கணும். நம் கோயில் அலமாரிகளில் இருக்கும் பழைய வரவு செலவுப் புத்தகம், திருவிழா அழைப்பிதழ் எல்லாம் அடுத்த துப்புரவு நாளில் எங்கே போகும்?

1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறி, 1919-இல் ஓய்வு பெற்றார். பதிப்பு வேலை நிற்கவில்லை. 1940-இல், 85-ஐத் தொடும் வயசில், ஆனந்த விகடனில் வாராவாரம் சுயசரிதை எழுத ஆரம்பித்தார். இப்போது வாசகர்கள் காத்திருந்தார்கள். 1942 ஜனவரியில் ஜப்பான்காரன் நம் மலாக்காவைப் பிடித்தான். ஏப்ரலில் குண்டு விழும் என்ற பயத்தில் சென்னையே காலியானது. ஐயரையும் திருக்கழுக்குன்றத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கேயே ஏப்ரல் 28-இல் காலமானார். ‘என் சரித்திரம்’ 122 அத்தியாயத்தோடு நிற்கிறது. அவர் கும்பகோணத்தை விட்டுச் சென்னைக்குப் போன கதைகூட அதில் இன்னும் வரவில்லை.