எல்லீஸ் துரையும் அம்மைப்பாலும்

திருக்குறளுக்கு ஆங்கிலத்தில் உரை எழுதியவர், சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்த 1818-ல் கிணறுகள் வெட்டுவித்துக் கல்லில் குறளைப் பொறித்தவர் என்று எல்லீஸ் துரையைத் தமிழ் வகுப்பில் அறிந்திருக்கிறோம். அதே தமிழை அவர் அம்மை நோயை எதிர்க்கவும் பயன்படுத்தினார் என்பதை நம்மில் பலர் அறியோம்.

பிரான்சிஸ் வைட் எல்லிஸ் 1777-ல் பிறந்தவர். நம் தஞ்சை சரபோஜி மன்னர் பிறந்ததும் அவ்வாண்டே. 1796-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்தார். அதே ஆண்டு மே மாதத்தில்தான் இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர், பால் கறக்கும் பெண் ஒருத்தியின் கையிலிருந்த மாட்டம்மைக் கொப்புள நீரை எட்டு வயதுச் சிறுவனுக்குக் குத்தினார்; பிறகு பெரியம்மை அவனைத் தொடவில்லை. 1802 ஜூன் மாதம் அந்த அம்மைப்பால் பம்பாயை அடைந்தது. இந்நாட்டில் அதை முதலில் ஏற்றது அன்னா டஸ்ட்ஹால் என்னும் மூன்று வயதுச் சிறுமியின் பிஞ்சுக் கை! குளிர்பதனப் பெட்டி இல்லாத காலம் அது. ஒரு குழந்தையின் கொப்புளத்திலிருந்து எடுத்து மறு குழந்தைக்குக் குத்தி, கைக்குக் கை மாறியே அம்மைப்பால் ஊர் ஊராகச் சென்றது.

மக்களோ கை நீட்டத் தயங்கினர். அம்மை கண்டால் தாயே வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று வேப்பிலை செருகி வணங்கும் நாடு இது. அம்மையால் பார்வை இழந்த அரசகுமாரி புன்னைநல்லூர் மாரியம்மன் சந்நிதியில் கண் பெற்றாள் என்று அக்கோயிலின் தல வரலாறு கூறும். அப்படிப்பட்ட ஊரில் அன்னிய அரசாங்கத்தார் வந்து, முன்பின் அறியாத பிள்ளையின் கையிலிருந்து சீழை எடுத்துத் தம் பிள்ளைக்குக் குத்துவதை எந்தத் தாய் மகிழ்ந்து ஏற்பாள்? அவளுடைய அச்சத்தை நாம் ஏளனம் செய்வதற்கில்லை.

எல்லீஸ் அவளை ஏளனம் செய்யவுமில்லை, அதட்டவுமில்லை. அவளுக்குப் புரியும் மொழியில் பேச முயன்றார். சக்தியும் தேவமருத்துவரான தன்வந்திரியும் உரையாடுவது போல, பசுவிடமிருந்து வரும் அம்மைப்பாலின் பெருமையைத் தமிழில் எழுதினார். இதுவரை நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் வடமொழியிலும் ஒரு சிறு செய்யுள் இயற்றினார் என்றும், அது பழைய காகிதத்தில் எழுதப்பட்டுப் பழஞ்சுவடியில் கிடைத்ததாகப் பரப்பப்பட்டது என்றும் ஜான் மால்கம் என்னும் ஆங்கில அதிகாரி எழுதி வைத்திருக்கிறார். உயிர் காக்கவே சொன்னாலும் அது பொய்தானே? வேடிக்கை என்னவெனில், புதுச்சேரியில் கிடைத்த ஏசூர் வேதம் என்னும் நூல் உண்மையான வேதமன்று, கிறிஸ்தவக் குருக்கள் கைவண்ணம் என்று ஆராய்ந்து காட்டியவரும் இதே எல்லீஸ்தான். (அதை எழுதியவர் தத்துவ போதகர் என்று அவர் கருதியதைப் பிற்கால அறிஞர் ஏற்கவில்லை.) அம்மைப்பால் நம் முன்னோர் நூல்களிலேயே இருந்தது என்னும் செய்தி, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி, இன்றளவும் உலவுகிறது. உண்மையைச் சொல்லியே அந்தத் தாயைத் தேற்றியிருக்கலாம் என்பது எங்கள் எண்ணம்.

அவர் எதிர்த்த பெரியம்மை 1975-ல் இந்தியாவை விட்டகன்றது. உலகிலேயே இல்லை என்று 1980-ல் அறிவிக்கப்பட்டது. இன்று நம் இல்லங்களுக்கு வருவது சின்னம்மை. பெயரில் உறவிருந்தாலும் இது வேறு கிருமி. பெரியம்மைக்குக் குத்திய ஊசி இதைத் தடுக்காது. இதற்கெனத் தனித் தடுப்பூசியை 1974-ல் ஜப்பானிய மருத்துவர் மிச்சியாக்கி தகாஹாஷி கண்டார். இரண்டு தவணை போட வேண்டும். கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே, எல்லாம் காய்ந்து பொருக்காகும்வரை, சின்னம்மை காற்றிலே பரவும். ஆகவே தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளையை வெளியே விடாத நம் பாட்டிமாரின் வழக்கம் பொருளுடையதே. கர்ப்பிணிகள் அருகில் வரலாகாது. குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுக்கலாகாது. சின்னம்மை ஆறினாலும் அதன் கிருமி நரம்பு வேர்களில் உறங்கிக் கிடந்து, முதுமையில் அக்கியாக எழும்புவதுண்டு. நம் பக்கத்தில் அக்கிக்குக் குயவர் வீட்டில் காவியால் எழுதிக்கொள்வார்கள். எழுதிக்கொள்ளட்டும், ஆனால் மூன்று நாட்களுக்குள் மருத்துவரிடம் சென்றால்தான் மருந்து நன்கு வேலை செய்யும். அக்கிக் கொப்புள நீர் பட்டால், சின்னம்மை வராத பேரப்பிள்ளைக்குச் சின்னம்மை வரலாம்.

எல்லீஸின் மற்றப் பணிகளைச் சுருக்கமாகவே சொல்ல இடமுண்டு. 1810-ல் சென்னைக் கலெக்டரானார். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரு குடும்பத்து மொழிகள் என்று, கால்டுவெல்லுக்கு நாற்பது ஆண்டுகள் முன்பே, 1816-ல் நிறுவினார். நம் வீரமாமுனிவரின் சுவடிகளைத் தேடிக் கொணர அதே ஆண்டு முத்துசாமிப் பிள்ளையை அனுப்பியவரும் இவரே. முனிவரின் வரலாற்றைப் பின்னர் எழுதியவர் அந்தப் பிள்ளைதான்.

1819 மார்ச் மாதம் இராமநாதபுரம் சென்றிருந்தபோது, தவறுதலாக நஞ்சு உட்கொண்டு எல்லீஸ் இறந்தார். நாற்பதைச் சற்றே கடந்த வயது. மணமாகாதவர், காகிதங்களைக் காக்க ஆளில்லை. மதுரைக் கலெக்டர் வீட்டில் கிடந்த அவருடைய கையெழுத்துப் படிகளில் பெரும்பகுதி சமையற்காரர் அடுப்பு மூட்டத் தீர்ந்து போயிற்றாம்.