டாக்டர் சாமுவேல் கிறீன்

ஏலமலையின் அடிவாரத்தில் அமைந்தது எமது ஊராகிய தேவாரம். மலைத்தோட்டங்களில் ஏலம் பறித்துப் பிழைக்கும் பெண்டிர், சுரங்கண்டு போடிநாயக்கனூர் சென்று திரும்புகையில், மருந்துச் சீட்டை எம்போன்ற மாணாக்கரிடம் நீட்டிப் படித்துச் சொல்லக் கேட்பதுண்டு. தம் உடலைப் பற்றிய செய்தி தாம் அறியாத மொழியில் இருத்தலை அவர்கள் குறையாக எண்ணுவதுமில்லை. அதனைக் குறையென்று கண்டு, அது தீர்ப்பதற்கே உழைத்தவர் ஓர் அமெரிக்கர் என்பது வியப்பன்றோ!

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822-ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாகாணத்து உஸ்டர் நகரிற் பிறந்தார். வைத்தியங் கற்றுத் தேறி, அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவராய் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிற் பணிபுரிந்தார். மதுரை மிஷனும் அந்த யாழ்ப்பாண மிஷனிலிருந்து 1834-இல் கிளைத்ததே. ஆதலின் அவரை நம்மவர் என்பதிற் பிழையில்லை. கொழும்பு வைத்தியக் கல்லூரி தோன்றியது 1870-இல். கிறீனோ 1848-லேயே மாணாக்கரைச் சேர்த்துக் கற்பிக்கலானார்.

முதலிற் கற்பித்தது ஆங்கிலத்தில். தேறியவர் பலர் துரைத்தனத்து உத்தியோகம் நாடி வெளியூர் சென்றனர்; கிராமத்துப் பிணியாளர் பழைய நிலையிலேயே கிடந்தனர். மாணாக்கரை நோவதிற் பயனென்ன? கற்ற மொழியே அவர்களை ஊரைவிட்டு அழைத்துச் சென்றது. தாயகம் சென்று 1862-இல் மீண்டு வந்த கிறீன், 1864 முதல் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். தமிழிற் கற்றவன் தமிழரிடையே தங்குவான் என்பது அவர் கணக்கு.

கற்பிக்க நூல் வேண்டுமே! அதற்கும் அவர் முன்னரே வழிகோலியிருந்தார். தாமும் தம் மாணாக்கருமாக மொழிபெயர்த்து, 4,000 பக்கங்களுக்கு மேற்பட்ட வைத்திய நூல்களைத் தமிழிற் சமைத்தனர். 'இரண வைத்தியம்' 1867-இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872-இலும் வெளிவந்தன. குறியீட்டுச் சொல்லைத் தமிழிலே தேடுவது, இல்லையேல் வடமொழியில் நாடுவது, அங்கும் கிடையாதாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இசைப்பது என்பது அவர் கொண்ட முறை. அவ்வாறே இரசாயன நூல் 'கெமிஸ்தம்' ஆயிற்று. அச்சொல் இன்று நமக்கு நகை விளைக்கலாம். எனினும், தமிழ் பயிலும் நம்மில் எத்தனைபேர் அத்தகைய ஒரு நூலையேனும் எழுத முயன்றோம்?

வைத்திய அறிவின் பயன் எல்லா மக்களையும் எய்துதல் வேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் அமைப்பு விதி 1946-இல் வகுத்துரைத்தது. அதற்கு எண்பதாண்டுகட்கு முன்னரே மானிப்பாயில் ஒருவர் அதற்குரிய வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

உடல் நலிந்து 1873-இல் கிறீன் தாயகம் திரும்பினார். அங்கிருந்தும் தமிழ் நூற்பணியை விட்டாரில்லை. 'மனுஷ சுகரணம்' 1883-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அவர் உஸ்டரிற் காலமானார். தமிழருக்கு வைத்திய ஊழியராயிருந்தவர் என்பதைத் தம் கல்லறைக் கல்லிற் பொறிக்க வேண்டுமென்று விரும்பியிருந்தார், அவ்வாறே பொறிக்கப்பட்டுளது.