சக்கர நாற்காலியில் ஒரு மருத்துவர் – மேரி வர்கீஸ்



இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி பல ஊர் மருத்துவமனைகளுக்குப் போகிறது. காயத்துக்குக் கட்டுப்போட நம் ஊர்த் துணி உண்டு. ஆனால் தென்னையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவருக்கு, காயம் ஆறிய பிறகு கதி என்ன? திண்ணையில் ஒரு கட்டில், அதில் படுத்தபடியே மீதிக் காலம். இதுவே முன்பு பலருடைய விதியாக இருந்தது. அந்த விதியை ஏற்க மறுத்தவர் டாக்டர் மேரி வர்கீஸ்.

1925-இல் கேரளத்தில் கொச்சியை அடுத்த பகுதியில் பிறந்த அவர், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவரானார். 1954 சனவரியில் நண்பர்களோடு சென்ற வண்டி விபத்துக்குள்ளானது. முகத்தில் ஆழ்ந்த வடு. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்ற அவரது ஆசை அன்றோடு முடிந்தது.

அறுவை மருத்துவர் பால் பிராண்ட் அவருக்கு வேறொரு வழி காட்டினார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைச் சீராக்கும் அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம். கால்கள் செயலற்றவர் பிறருடைய கைகளுக்கு உயிர் கொடுத்தார். பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும் அமெரிக்காவின் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். 1963-இல் வேலூரில் அத்துறையின் முதல் தலைவரானார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. படுத்தே கிடந்தவர்கள் அங்கே உட்காரவும், நாற்காலியை உருட்டவும், படுக்கைப் புண் வராமல் தம்மைக் காக்கவும், தொழில் செய்யவும் பழகினார்கள். 1972-இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986 டிசம்பரில் இறைவனடி சேர்ந்தார்.

இப்பணியின் செலவை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். முதுகெலும்பு முறிந்தவர் சில நாளில் வீடு திரும்புவதில்லை. மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். உழைத்துச் சம்பாதித்தவரே படுத்துவிட்டால், கூலிக் குடும்பம் அந்தச் செலவை எப்படித் தாங்கும்? அறநிலையங்கள் தம் வாசலுக்கு வந்தவரைக் காக்கலாம். வேலூர் வரை போகமுடியாதவரைக் காப்பது யார்?

நம் அரசியல் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, உடல் குறைபாடு உற்றவர்களுக்குப் பொது உதவி அளிக்குமாறு, பொருள் வசதிக்கு உட்பட்டு, அரசைப் பணிக்கிறது. 1995-இலும் 2016-இலும் வந்த சட்டங்கள் அதை உரிமையாக்கின. ஆகவே மாற்றுத்திறனாளிக்கு அரசுப் பணத்தில் கிடைக்கும் நாற்காலியும் உதவித்தொகையும் பிச்சை அல்ல. அது நாம் எல்லாரும் செலுத்தும் வரியிலிருந்து அவருக்குச் சேரவேண்டிய பங்கு. ஆயினும் மருத்துவச் சான்றும் அடையாள அட்டையும் இல்லாமல் அது கைக்கு வராது. அவற்றைப் பெற நடையாய் நடக்க வேண்டியவரோ நடக்க முடியாதவர்!

நற்செய்தியில் முடக்குவாதமுற்றவரை நால்வர் கட்டிலோடு தூக்கி, கூரையைப் பிரித்து ஆண்டவர் முன் இறக்கினார்கள். இன்று அரசு ஒரு மூலையைப் பிடிக்கட்டும்; மருத்துவர் ஒரு மூலையை; குடும்பம் ஒரு மூலையை. நான்காவது மூலை நம்முடையது. நம் அன்பியங்களில் படுத்திருப்போரை முகாமுக்கு அழைத்துச் செல்வோம். அவர்களுக்காக மனு எழுதுவோம். கோவில் படிகளின் அருகே ஒரு சாய்தளமும் அமைப்போம். நம் யூபிலி ஆண்டுக்கு இதைவிடச் சிறந்த நினைவுச் சின்னம் வேறென்ன இருக்கமுடியும்?